ரோபோ கை வாங்கும் முன் ஆறு பலகைகள்

கேள்வி: பள்ளி ரோபோட்டிக்ஸ் ஆய்வகத்துக்குப் பொறுப்பாசிரியர் நான். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 24 மாணவர்கள் இருக்கிறார்கள். பிளாக் கிட்டில் தொடங்கியவர்கள், இப்போது ஆர்டுயினோ வைத்துக் கோடு பின்தொடரும் வண்டி, தடை தவிர்க்கும் வண்டி எல்லாம் தாங்களே செய்கிறார்கள். இனி ஆலைகளில் உண்மையில் பயன்படும் ஆட்டோமேஷனைக் கற்றுக்கொடுக்க ஆசை. நிர்வாகம் சிறிய ஆறு அச்சு ரோபோ கை ஒன்று வாங்கித் தரத் தயாராக இருக்கிறது. அதை வாங்கிவிடலாமா? இருக்கும் ஆர்டுயினோக்களை பி.எல்.சி. (ஆலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) போலப் பயன்படுத்த முடியுமா? வாரம் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கிறது, எங்கே தொடங்குவது? பாதுகாப்பு பற்றிய பயமும் இருக்கிறது.

பதில்: ரோபோ கையை இந்த ஆண்டு வாங்காதீர்கள். ஒரு கைக்கு ஒரு பென்டன்ட்தான், அதாவது கையில் பிடித்து ரோபோவை இயக்கும் கருவி. ஒருவர் அதைப் பிடித்திருப்பார், மீதி 23 பேர் வேடிக்கை பார்ப்பார்கள். இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. ஆலையில் ரோபோ கை தனியாக வேலை செய்வதில்லை. பொருள் வந்துவிட்டது என்று ஒரு சென்சார் சொல்ல வேண்டும், கிளாம்ப் பிடித்துவிட்டது என்று இன்னொன்று சொல்ல வேண்டும், கதவு மூடியிருக்கிறது என்று பாதுகாப்பு ரிலே (ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சொல்ல வேண்டும். இவற்றையெல்லாம் கோத்து பி.எல்.சி. அனுமதி கொடுத்த பிறகுதான் கை அசையும். அந்தச் சுற்றுவேலை தெரியாதவருக்கு ரோபோ கை விலையுயர்ந்த பொம்மையாகவே நின்றுவிடும். அதே தொகையில் நான்கு பேருக்கு ஒன்றாக ஆறு பி.எல்.சி. பலகைகளைத் தயார்செய்யப் பாருங்கள்.

உங்கள் மாணவர்கள் இதுவரை கற்றது வீண் அல்ல. கோடு பின்தொடரும் வண்டிக்கு பி.ஐ.டி. (பிழையை அளந்து திருத்திக்கொண்டே போகும் கணக்கு) எழுதியவருக்குக் கட்டுப்பாட்டுச் சுற்று என்றால் என்ன என்று புதிதாகச் சொல்லத் தேவையில்லை. எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை ஒரு மாறியில் வைத்து ‘தேடு, திரும்பு, நில்’ என்று எழுதியவர் வரிசைக் கட்டுப்பாட்டில் பாதி தூரம் வந்துவிட்டார். குறை வேறு இடத்தில் இருக்கிறது. கிட்டில் ‘ஓடுகிறதா?’ என்பதோடு வேலை முடிகிறது. ஆலையில் ‘இந்த வயர் அறுந்தால், இந்த சென்சார் செத்தால், நடுவில் மின்சாரம் போய் வந்தால் என்ன ஆகும்?’ என்பதற்குப் பதில் சொல்லாத இயந்திரத்தை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பாடத்திட்டம் முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றியே அமையட்டும்.

முதலில் பலகை. டின் (DIN) ரெயில் என்ற உலோகப் பட்டியில் மாட்டும் மூடிய வகை 24 வோல்ட், 2.5 ஆம்பியர் பவர் சப்ளை ஒன்று. அதன் மெயின்ஸ் பக்கத்தைத் தகுதியுள்ள எலெக்ட்ரீஷியன் ஒருவர் இணைத்து, எர்த் கொடுத்து, கருவி இல்லாமல் திறக்க முடியாத மூடிக்குள் வைத்துவிட வேண்டும். மாணவர் கை 24 வோல்ட் பக்கம் மட்டுமே போகும். பி.எல்.சி.யில் குறைந்தது 12 இன்புட், 8 டிரான்சிஸ்டர் அவுட்புட், ஒரு ஈதர்நெட் போர்ட், ஒன்றிரண்டு அனலாக் இன்புட் இருக்கட்டும். ரிலே அவுட்புட் உள்ளதை எடுக்காதீர்கள். வேகமான பல்ஸ் கொடுக்க முடியாது, காலப்போக்கில் கான்டாக்ட் தேயும். பச்சை பட்டன் ஒன்று, சிவப்பு பட்டன் ஒன்று, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் சிவப்புக் காளான் பட்டன் ஒன்று. கடைசியாகச் சொன்னதில் இரண்டு என்.சி. கான்டாக்ட் இருக்க வேண்டும், அதாவது அழுத்தாத நிலையில் மூடியிருப்பவை. செலக்டர் சுவிட்ச், மூன்று விளக்கு, சாக்கெட்டோடு 24 வோல்ட் ரிலே இரண்டு, எம்12 இண்டக்டிவ் சென்சார் (உலோகத்தைத் தொடாமலே உணர்வது), ஒளி சென்சார், 24 வோல்ட் கியர் மோட்டார், டெர்மினல் பிளாக் இருபது முப்பது, ஃபியூஸ் டெர்மினல் மூன்று. ஒரு ஃபியூஸ் பி.எல்.சி.க்கு, ஒன்று சென்சார்களுக்கு, ஒன்று அவுட்புட்களுக்கு. பிரித்துப் போட்டால் எங்கே ஷார்ட் என்பது ஃபியூஸைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

வயருக்கு 0.5 சதுர மி.மீ. மல்டிஸ்ட்ராண்ட் போதும். அதன் முனைக்கு ஃபெருல், அதாவது மாட்டி நசுக்கும் சிறு உலோகக் குழல், போட வேண்டும். பரவலாகப் பயன்படும் டின் (DIN) தர வண்ண வரிசையில் 0.5-க்கு வெள்ளை, 0.75-க்குச் சாம்பல், 1-க்குச் சிவப்பு. ஆறு பலகைக்கு நல்ல கிரிம்பிங் கருவி குறைந்தது இரண்டு வேண்டும், கட்டிங் பிளேயரால் நசுக்கிச் சமாளிக்க விடாதீர்கள். ஆர்டுயினோ பழக்கத்தில் மாணவர்கள் வயர் முனையில் ஈயம் வைத்துக்கொண்டு வருவார்கள். திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நசுங்கி விலகும், சில மாதத்தில் இணைப்பு தளரும், பிறகு ‘சில நேரம் ஓடுகிறது, சில நேரம் ஓடவில்லை’ என்ற பழுது வரும். பழுதுகளில் மிக மோசமானது இந்த இடைவிட்டு வரும் பழுதுதான்.

எந்த நிறுவனத்து பி.எல்.சி. என்று கேட்பீர்கள். உங்களைச் சுற்றியுள்ள ஆலைகள் எதைப் பயன்படுத்துகின்றனவோ அதுவே நல்லது. ஆனால் ஐ.இ.சி. 61131-3 தரத்தின் மொழிகளை ஏற்பதாக இருக்க வேண்டும். 1993-ல் முதலில் வெளிவந்த இந்தத் தரம் லேடர் (ஏணி போன்ற மின்சுற்றுப் படம்), ஃபங்ஷன் பிளாக், ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் (வரி வரியாக எழுதும் மொழி), வரிசைப்படம் ஆகியவற்றை வரையறுக்கிறது. ஒன்றில் கற்றால் மற்றொரு நிறுவனத்தின் கருவிக்கு மாறுவது சில வார வேலை. தன் சொந்த வண்ணப் பெட்டி மொழியை மட்டுமே வைத்திருக்கும் ‘கல்வி பி.எல்.சி.’களை ஒதுக்குங்கள், மாணவர்கள் ஒரு கிட்டிலிருந்து இன்னொரு கிட்டுக்குத்தான் மாறியிருப்பார்கள்.

ஆர்டுயினோவைப் பொறுத்தவரை பதில்: பாதி முடியும். ஓப்பன் பி.எல்.சி. என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆர்டுயினோ வகைகள் சிலவற்றிலும் ராஸ்பெரி பையிலும் லேடர் புரோகிராமை அது ஓட்டும். வீட்டில் லாஜிக் பழக இது நன்றாக உதவும். கோடெசிஸ் மென்பொருளையும் இலவசமாக இறக்கி, கருவியே இல்லாமல் சிமுலேஷனில் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் வயரிங் பாடத்துக்கு ஆர்டுயினோ உதவாது. ஆர்டுயினோ ஊனோ பலகையின் பின் 5 வோல்ட்டைத் தாண்டினால் தாங்காது, பின் ஒன்றுக்கு 20 மில்லிஆம்பியரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆலை சென்சாரின் 24 வோல்ட் தவறி அந்தப் பின்னில் பட்டால் சிப் அங்கேயே முடிந்தது. சிக்னலை ஒளி வழியே கடத்தி இரு பக்கத்தையும் பிரிக்கும் ஆப்டோகப்ளர் பலகை போட்டு இணைக்கலாம்தான். அதற்குச் செலவிடும் நேரத்தில் பி.எல்.சி.யிலேயே நான்கு பயிற்சி முடித்துவிடலாம்.

இனி வகுப்புக்கு வருவோம். முதல் ஐந்து வாரம் கணினியைத் திறக்கவே வேண்டாம். தொடக்கத்தில் ரிலே, பச்சை பட்டன், சிவப்பு பட்டன், மோட்டார் இவை மட்டும். பச்சையை ஒரு முறை அழுத்தினால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், சிவப்பை அழுத்தினால் நிற்க வேண்டும். ரிலேயின் ஒரு கான்டாக்டைப் பச்சை பட்டனுக்கு இணையாகப் போட்டுத் தன்னைத் தானே பிடித்துக்கொள்ள வைப்பதுதான் வழி. இதைக் கையால் வயர் போட்டுச் செய்தவருக்கு லேடர் படத்தின் ஒவ்வொரு கோடும் பழகிய முகம். பி.எல்.சி. பிறந்ததே இந்த ரிலே பலகைகளுக்கு மாற்றாகத்தான். 1968-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரமேட்டிக் பிரிவு கேட்ட தேவையிலிருந்து மோடிகான் 084 உருவானது. எலெக்ட்ரீஷியன்களுக்கு ஏற்கெனவே புரிந்த படமாகவே புரோகிராமையும் வைத்தார்கள்.

அந்த ஐந்து வாரத்துக்குள்ளேயே அடுத்தது சென்சார். மூன்று வயர் சென்சாரில் பழுப்பு பிளஸ், நீலம் 0 வோல்ட், கறுப்பு சிக்னல். பி.என்.பி. வகை, பொருளைக் கண்டதும் கறுப்பு வயரில் 24 வோல்ட் தரும், என்.பி.என். வகை கறுப்பு வயரை 0 வோல்ட்டோடு சேர்க்கும். பி.என்.பி. என்றால் பி.எல்.சி. இன்புட்டின் காமன் (பொது முனை) 0 வோல்ட்டுக்குப் போக வேண்டும், என்.பி.என். என்றால் 24 வோல்ட்டுக்கு. இதைக் குழப்பினால் சென்சாரின் சிறு விளக்கு எரியும், பி.எல்.சி. இன்புட் விளக்கு எரியாது. மாணவர் உடனே புரோகிராமைத் தோண்டத் தொடங்குவார். அப்போதே ஒரு விதி போடுங்கள்: இன்புட் விளக்கைப் பார்க்காமல், மல்டிமீட்டரை வைக்காமல் லேப்டாப் திறக்கக் கூடாது. பரவலாக உள்ள முதல் வகை டிஜிட்டல் இன்புட்டில் 15 வோல்ட்டுக்கு மேல் 1, 5 வோல்ட்டுக்குக் கீழ் 0. இடையில் உள்ளதற்கு உத்தரவாதம் கிடையாது. டெர்மினலில் 9 வோல்ட் காட்டினால் புரோகிராம் குற்றவாளி அல்ல, எங்கோ இணைப்பு சரியில்லை.

இண்டக்டிவ் சென்சார் உங்கள் மாணவர்களை ஏமாற்றும். அல்ட்ராசோனிக்கில் 30 செ.மீ. பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். சாதாரண ஃபிளஷ் வகை எம்12 சென்சாரின் தூரம் 2 மி.மீ.தான், அதுவும் இரும்புக்கு. அலுமினியத்துக்கு அது ஏறக்குறைய 40 சதவீதமாகக் குறையும், அதாவது 1 மி.மீ.க்கும் கீழே. இரும்பு, அலுமினியம், ஸ்டெயின்லெஸ் துண்டுகளை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து நகர்த்தி, எந்த இடைவெளியில் விளக்கு எரிகிறது என்று ஒவ்வொரு குழுவும் அட்டவணை எழுதட்டும். பிறகு ‘நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை’ என்று யாராவது சொன்னால், பிராக்கெட் அரை மி.மீ. நகர்ந்திருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இப்போது நிறுத்தும் பட்டன். இந்த ஒரு பாடத்துக்கு இரண்டு முழு வகுப்பு கொடுங்கள். ஸ்டாப் பட்டன் எப்போதும் என்.சி. கான்டாக்டில்தான் வயர் செய்யப்படும். ஓடும் நேரம் முழுக்க அந்த இன்புட் 1-ஆக இருக்கும். அழுத்தினால் 0 ஆகும், வயர் அறுந்தாலும் 0 ஆகும். இரண்டிலும் இயந்திரம் நிற்கும். அழுத்தினால் மட்டுமே மூடும் என்.ஓ. கான்டாக்டில் வயர் செய்திருந்தால், வயர் அறுந்தது யாருக்கும் தெரியாது, அவசரத்தில் பட்டனை அழுத்தும் நாளில்தான் தெரியவரும். மாணவர் தடுமாறும் இடம் லேடரில் வரும். வெளியே என்.சி. பட்டன் இருப்பதால் உள்ளேயும் என்.சி. குறியீடு போட்டுவிடுவார்கள். அப்புறம் மோட்டார் ஓடவே ஓடாது, அல்லது ஸ்டாப்பை அழுத்திக்கொண்டே ஸ்டார்ட்டை அழுத்தினால்தான் ஓடும். குறியீடு கேட்பது ‘பட்டன் என்ன வகை?’ என்பதை அல்ல, ‘இன்புட் இப்போது 1-ஆ?’ என்பதை. இன்புட் 1-ஆக இருக்கும்வரை ஓட வேண்டும் என்பதால் உள்ளே என்.ஓ. குறியீடுதான் சரி. விளக்கிச் சொல்வதைவிட, மோட்டார் ஓடும்போது ஸ்டாப் பட்டனின் வயரை டெர்மினலிலிருந்து கழற்றிக் காட்டுங்கள். பிறகு என்.ஓ.வில் மாற்றி வயர் செய்து அதையே மறுபடி காட்டுங்கள். 24 வோல்ட் என்பதால் இதைத் துணிந்து செய்யலாம்.

காளான் பட்டன் கதை வேறு. அதைப் புரோகிராமை நம்பி விடக்கூடாது. பலகையில் அதன் ஒரு கான்டாக்ட் அவுட்புட்களுக்குப் போகும் 24 வோல்ட்டை நேரடியாக வெட்டட்டும். இரண்டாவது கான்டாக்ட் பி.எல்.சி. இன்புட்டுக்குத் தகவல் சொல்லட்டும். பி.எல்.சி.க்கு வரும் சப்ளை வெட்டப்படக் கூடாது, இல்லாவிட்டால் என்ன நடந்தது என்று அதற்கே தெரியாது. நிஜ இயந்திரத்தில் இந்த இடத்தில் இரண்டு சானல் பாதுகாப்பு ரிலே இருக்கும் என்பதையும், பலகையில் இருப்பது அதன் எளிய வடிவம்தான் என்பதையும் சொல்லிவிடுங்கள். காளானைத் திருகி விடுவித்தால் மட்டும் எதுவும் ஓடத் தொடங்கக் கூடாது, தனியாக ஸ்டார்ட் அழுத்த வேண்டும் என்பது ஐ.எஸ்.ஓ. 13850 தரத்தின் கட்டளை. உங்கள் குழுக்களில் பாதி இதில் முதல் முறை தோற்கும். காரணம், ஓடும் நிலையை, ஒரு முறை 1 ஆக்கினால் ரீசெட் செய்யும்வரை 1-ஆகவே நிற்கும் செட்-ரீசெட் பிட்டில் வைத்து, காளான் அழுத்தும்போது அதை ரீசெட் செய்ய மறந்திருப்பார்கள். அந்த பிட்டை மின்சாரம் போனாலும் நினைவில் நிற்கும் பகுதியில் வைத்திருந்தால் இன்னும் மோசம்: மின்சாரம் வந்தவுடன் மோட்டார் தானாக ஓடும். எல்லாப் பயிற்சிக்கும் முடிவில் மெயின்ஸை அணைத்துப் போட்டுப் பார்ப்பது கட்டாயமாகட்டும்.

லேடர் தொடங்கியதும் மாணவர்கள் தேடும் முதல் சாமான் ‘டிலே’, ஆர்டுயினோவில் ‘இவ்வளவு நேரம் பொறு’ என்று சொல்லும் கட்டளை. அது இங்கே கிடையாது. பி.எல்.சி. எல்லா இன்புட்டையும் ஒரே தடவையில் படித்துக்கொள்ளும், புரோகிராமை மேலிருந்து கீழே ஓட்டும், பிறகு எல்லா அவுட்புட்டையும் எழுதும். சில மில்லிசெகண்டுக்கு ஒரு முறை இந்தச் சுற்று ஓயாமல் நடக்கும். ‘சென்சார் வரும்வரை காத்திரு’ என்று உள்ளே ஒரு வைல் லூப் எழுதினால் சுற்று முடியாது, சுற்றின் நேரத்தைக் கண்காணிக்கும் வாட்ச்டாக் பார்த்துவிட்டு பி.எல்.சி.யையே நிறுத்திவிடும். காத்திருப்பது டைமர் பிளாக்கின் வேலை. அது ஒவ்வொரு சுற்றிலும் எட்டிப் பார்த்துவிட்டு வழிவிடும். ஆர்டுயினோவில், ஓடத் தொடங்கியதிலிருந்து கடந்த நேரத்தைச் சொல்லும் மில்லிஸ் வைத்து எழுதிப் பழகிய மாணவர் இருந்தால் அவருக்கு ஒரு நிமிடத்தில் புரியும். அவரையே மற்றவர்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

இந்தச் சுற்று புரியாததால் வரும் பழுதுகள் மூன்று. ஒரே அவுட்புட்டை இரண்டு இடத்தில் எழுதுவது: கடைசியில் எழுதியதுதான் நிற்கும், மேலே எழுதியது மானிட்டரில் பச்சையாகத் தெரிந்தாலும் விளக்கு எரியாது. கவுண்டருக்குப் பதில் கூட்டல் கட்டளையை நேராகப் போட்டு, விளிம்பை, அதாவது இன்புட் 0-விலிருந்து 1-ஆக மாறும் கணத்தை, பிடிக்காமல் எண்ணுவது: பெட்டி அரை விநாடி சென்சார் முன் நின்றால், 5 மில்லிசெகண்ட் சுற்றில் ஒரு பெட்டி 100 என்று எண்ணப்படும். மூன்றாவது, வேகமான பல்ஸைச் சாதாரண இன்புட்டில் எதிர்பார்ப்பது. அச்சு ஒரு முறை சுழன்றால் 1000 பல்ஸ் தரும் என்கோடர் (சுழற்சியைப் பல்ஸாகச் சொல்லும் சென்சார்) நிமிடத்துக்கு 300 முறை சுழன்றால் விநாடிக்கு 5000 பல்ஸ், அதாவது ஒரு பல்ஸுக்கு 0.2 மில்லிசெகண்ட். பி.எல்.சி.யின் சுற்றும் பிடிக்காது, இன்புட் ஃபில்டரும் விடாது. அதற்கென்று உள்ள ஹைஸ்பீடு கவுண்டரைத்தான் அமைக்க வேண்டும், அந்த இன்புட்டின் ஃபில்டர் நேரத்தையும் குறைக்க வேண்டும். ஃபில்டரைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

சி மொழி தெரிந்த பிள்ளைகள் ‘ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டிலேயே எல்லாம் எழுதிவிடுகிறோம்’ என்பார்கள். லேடருக்கான பத்து வாரமும் முடியும்வரை விடாதீர்கள். இண்டர்லாக் (ஒன்று நடக்கும்போது இன்னொன்றைத் தடுப்பது), ஸ்டார்ட்-ஸ்டாப், அலாரம் எல்லாம் லேடரில் இருந்தால், இரவு ஷிப்டில் வரும் எலெக்ட்ரீஷியன் லேப்டாப்பை மாட்டி எந்தக் கான்டாக்ட் திறந்திருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடுவார். கணக்கு, பட்டியல், வரிசை எண் வரும் இடத்தில் டெக்ஸ்ட் நல்லது.

பிறகு ஒரே ஒரு பெரிய வேலை: தரம் பிரிக்கும் கன்வேயர். பெல்ட்டில் இரும்புத் துண்டும் பிளாஸ்டிக் துண்டும் கலந்து வரும். ஒளி சென்சார் பொருள் வந்ததைச் சொல்லும், இண்டக்டிவ் சென்சார் இரும்பு என்று சொல்லும், சிலிண்டர் ஒன்று இரும்பை ஓரமாகத் தள்ளும். பார்க்க எளிது. உள்ளே இறங்கினால் ஆலையின் பாதிப் பிரச்சினைகள் இதில் இருக்கின்றன.

காற்றழுத்தத்தில் இயங்கும் அந்தச் சிலிண்டருக்கு 16 மி.மீ. உள்விட்டம் போதும். ஆனால் கணக்கு போட வையுங்கள்: பரப்பு 201 சதுர மி.மீ., 6 பாரில் தள்ளும் விசை 120 நியூட்டன், அதாவது சுமார் 12 கிலோ எடை. விரல் மாட்டினால் சும்மா விடாது. வகுப்பில் ரெகுலேட்டரை 2 பாரில் பூட்டி வைத்தால் விசை 40 நியூட்டனாகும். துண்டைத் தள்ள அது தாராளம். வேகத்தைக் குறைக்கும் ஃப்ளோ கன்ட்ரோலை வெளியேறும் காற்றின் பக்கம் போட வேண்டும். உள்ளே வரும் காற்றைக் கட்டுப்படுத்தினால் பிஸ்டன் முக்கி முக்கிக் குதிக்கும். சிலிண்டர் பக்கம் கை போகும் முன் கையால் திருப்பும் டம்ப் வால்வால் காற்றை வெளியேற்றி, கேஜ் 0 காட்டுவதைப் பார்க்க வேண்டும். கண்ணாடி அணியாமல் யாரும் அந்த மேசைக்கு வரக் கூடாது.

சிலிண்டருக்குக் காற்றைத் திருப்பிவிடும் வால்வு வாங்கும்போது 5/2 (ஐந்து துளை, இரண்டு நிலை) சிங்கிள் சோலனாய்டா, டபுள் சோலனாய்டா என்று கேட்பார்கள். மின்சாரம் போனால் சிங்கிள் ஸ்பிரிங்கால் பழைய இடத்துக்குத் திரும்பும், டபுள் இருந்த இடத்திலேயே நிற்கும். தள்ளும் சிலிண்டருக்குச் சிங்கிள் போதும். பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கும் கிரிப்பருக்கு அப்படிப் போட்டால் மின்சாரம் போன கணத்தில் பொருள் கீழே விழும். இந்த விவாதத்தை மாணவர்களிடமே விட்டுவிடுங்கள், வகுப்பு சூடாகும்.

வால்வை நகர்த்தும் சோலனாய்டு காயிலுக்கு இணையாக 1என்4007 டையோடு வேண்டும். கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். இல்லாவிட்டால் காயிலை அணைக்கும் ஒவ்வொரு முறையும் எழும் எதிர்மின்னழுத்தம் டிரான்சிஸ்டர் அவுட்புட்டை அரித்துவிடும். திருப்பிப் போட்டால் அவுட்புட் ஆன் ஆனதும் ஷார்ட். சிலிண்டர் மேல் உட்கார்ந்து பிஸ்டனின் காந்தத்தை உணரும் இரண்டு வயர் ரீட் சுவிட்சை, சோதித்துப் பார்க்கிறேன் என்று நேராக 24 வோல்ட்டுக்குக் குறுக்கே வைக்கவே கூடாது. நடுவில் லோடு (ரிலே, விளக்கு போன்ற ஏதாவது) இல்லாவிட்டால் ஒரே தடவையில் ஒட்டிக்கொள்ளும் அல்லது எரிந்துபோகும். கூடுதலாக நான்கு வாங்கி வையுங்கள், எப்படியும் தேவைப்படும்.

புரோகிராமைப் படிப்படியாக எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு படிக்கும் மூன்று விஷயம் தாளில் இருக்க வேண்டும்: என்ன செய்கிறது, எது வந்தால் அடுத்த படி, எவ்வளவு நேரத்துக்குள் வர வேண்டும். மூன்றாவதுதான் கிட் மாணவருக்குப் புதிது. ‘சிலிண்டரை நீட்டு, 500 மில்லிசெகண்ட் பொறு, நீண்டிருக்கும்’ என்பது அவர் பழக்கம். இங்கே ‘நீட்டு, முன் ரீட் சுவிட்ச் 1 ஆனால் அடுத்த படி, 2 விநாடியில் ஆகாவிட்டால் பழுது நிலை, சிவப்பு விளக்கு, எந்தச் சிலிண்டர் என்ற செய்தி’ என்று எழுத வேண்டும். காற்று இல்லை, வால்வு சிக்கிவிட்டது, ரீட் சுவிட்ச் நகர்ந்துவிட்டது, எதுவானாலும் இயந்திரம் ஒரே இடத்தில் பாதுகாப்பாக நின்று காரணம் சொல்லும்.

இந்த வேலையில் ஒரு பொறி இருக்கிறது, அதில் அவர்கள் விழட்டும். சென்சாரைத் தாண்டி 1.2 விநாடியில் துண்டு சிலிண்டர் முன் வரும் என்று அளந்து டைமர் போடுவார்கள். அழகாக ஓடும். நீங்கள் நடுவில் கன்வேயரை நிறுத்திவிட்டு மறுபடி ஓட விடுங்கள். டைமர் நிற்காமல் எண்ணியிருக்கும், சிலிண்டர் வெறும் இடத்தைத் தள்ளும், பிளாஸ்டிக் கூடையில் இரும்பு விழும். பெல்ட் உருளையில் ஒரு சிறிய என்கோடர் மாட்டி, தூரத்தைப் பல்ஸில் எண்ணினால் பெல்ட் நின்றால் எண்ணிக்கையும் நிற்கும். இரண்டு துண்டுகள் அடுத்தடுத்து வரும்போது எது இரும்பு என்பதை ஒரு வரிசைப் பட்டியலில் வைக்க வேண்டிய தேவையும் அங்கே தானாக எழும். ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டை அந்த வாரம் திறந்துவிடுங்கள்.

அனலாக்குக்கு, அதாவது 0, 1 என்றில்லாமல் அளவைச் சொல்லும் சிக்னலுக்கு, இரண்டு வாரம் போதும். 4 முதல் 20 மில்லிஆம்பியர் சிக்னலில் ஏன் 0-வில் தொடங்கவில்லை என்ற கேள்விக்கும் பதில் அந்த அறுந்த வயர்தான்: அளவு சைபராக இருந்தாலும் 4 மில்லிஆம்பியர் ஓடும்; 3.6-க்குக் கீழே போனால் கருவியோ வயரோ பழுது. 0-10 பார் சென்சாரில் 12 மில்லிஆம்பியர் என்றால் 5 பார். அளவை மாற்றும் கணக்கை 16 பிட் முழு எண்ணில் போட்டால், பெருக்கும்போதே 32767-ஐத் தாண்டி எதிர்மறை எண் வரும். முதலில் ரியல் எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மோட்பஸ் தொடர்பு இன்னும் இரண்டு வாரம். பஸ்ஸின் இரு கோடியிலும் 120 ஓம், எல்லாக் கருவியிலும் ஒரே வேகம், ஒரே பேரிட்டி (பிழை காணும் பிட்) அமைப்பு. கையேடு 40001 என்று சொல்லும் ரிஜிஸ்டர் பல மென்பொருளில் 0 என்ற முகவரியில் இருக்கும், அந்த ஒன்று வித்தியாசத்தில் ஒரு வகுப்பு போகும். திரை வடிவமைப்பில் நேரம் கொடுக்காதீர்கள். வானவில் நிறத்தில் வரைவார்கள். எல்லாம் சாம்பல், அலாரம் மட்டும் சிவப்பு என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

மூன்று ஃபேஸ் மோட்டாரும் அதன் வேகத்தை மாற்றும் டிரைவும் பள்ளி மேசைக்கு வேண்டாம். டிரைவின் உள்ளே உள்ள கெபாசிட்டர் மின்சாரத்தை அணைத்த பிறகும் பல நிமிடம் ஆபத்தான மின்னழுத்தத்தை வைத்திருக்கும், அதைக் கையாளத் தகுதியுள்ளவர் அருகில் இருந்தாக வேண்டும். பாதுகாப்புப் பயம் என்றீர்கள். 24 வோல்ட் ஷாக் அடிக்காது என்ற தைரியத்தில் அலட்சியமும் கூடாது. மோதிரமும் உலோக வாட்ச் பட்டையும் டெர்மினல்களுக்குக் குறுக்கே பட்டால் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். வகுப்புக்கு முன் கழற்றி வைக்கட்டும்.

ரோபோ கையைக் கடைசி வாரங்களில் சிமுலேட்டரில் காட்டலாம். கற்க வேண்டியது கையை ஆட்டுவதை அல்ல. உலக அச்சு, கருவி அச்சு, பயனர் அச்சு என்ற மூன்றும் ஏன் தனித்தனி, மூட்டு நகர்வுக்கும் நேர்கோட்டு நகர்வுக்கும் என்ன வித்தியாசம், நேர்கோட்டில் போகும்போது மணிக்கட்டு ஏன் சில இடத்தில் திடீரெனச் சுழல்கிறது, பி.எல்.சி.க்கும் ரோபோவுக்கும் இடையே கைகுலுக்கல் எப்படி. பி.எல்.சி. ‘எடு’ என்ற பிட்டை உயர்த்தும், ரோபோ ‘வேலையில் இருக்கிறேன்’ என்று பதில் தரும், முடிந்ததும் ‘முடித்தேன்’ தரும், பி.எல்.சி. ‘எடு’வை இறக்கிய பிறகே ரோபோ ‘முடித்தேன்’ஐ இறக்கும். நான்கில் ஒன்றைச் சுருக்கினால் ஒரே துண்டை இரண்டு முறை எடுக்கப் போகும். இதைக் கன்வேயர் பலகை இரண்டை ஒன்றோடொன்று வயரால் இணைத்தே பழகலாம், ரோபோ தேவையில்லை. அடுத்த ஆண்டு கை வாங்கும்போது, பாதி அழுத்தினால் மட்டும் ஓடி, விட்டாலும் இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும் மூன்று நிலை சுவிட்ச் பென்டன்ட்டில் இருக்கிறதா, கற்றுக்கொடுக்கும் நிலையில் வேகம் விநாடிக்கு 250 மி.மீ.க்குள் கட்டுப்படுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ‘கொலாபரேட்டிவ்’ (மனிதரோடு சேர்ந்து வேலை செய்வது) என்று எழுதியிருந்தால் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். கையின் நுனியில் கூரான துண்டு இருந்தால் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லை.

ஆண்டில் 30 வாரம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால்: ரிலேயும் சென்சாரும் 5, லேடர் 10, கன்வேயர் 8, அனலாக்கும் தொடர்பும் 4, மீதி 3 பழுது தேடும் தேர்வும் ரோபோ சிமுலேட்டரும். நால்வரில் வயரிங், புரோகிராம், சோதனை, வரைபடம் என்று பங்கு பிரித்து ஒவ்வொரு வாரமும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கெட்டிக்காரர் ஒருவரே ஆண்டு முழுக்க லேப்டாப்பை வைத்திருப்பார்.

மதிப்பெண்ணை ‘ஓடுகிறதா’ என்பதற்குக் கொடுக்காதீர்கள். ஒரு குழுவின் பலகையை, அவர்கள் வரைந்த வயரிங் படத்தோடும் இன்புட்-அவுட்புட் பட்டியலோடும் அடுத்த குழுவிடம் கொடுங்கள். நீங்கள் ரகசியமாக ஒரு பழுதை வைத்திருப்பீர்கள்: சென்சார் பிராக்கெட்டை 1 மி.மீ. பின்னுக்குத் தள்ளியது, ஃபெருலுக்குள் வயரே இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் உறையைத் திருகியது, அவுட்புட் ஃபியூஸை எடுத்தது, ரீட் சுவிட்சைச் சற்று நகர்த்தியது, நெட்வொர்க் முகவரியை மாற்றியது, ஸ்டாப் பட்டன் வயரைத் தளர்த்தியது. 15 நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டும். எங்கே அளந்தோம், என்ன காட்டியது, அதனால் எதை விலக்கினோம் என்று வரிசையாக எழுத வேண்டும். எதை மாற்றியும் பார்க்காமல் அளந்தே கண்டுபிடித்தால் முழு மதிப்பெண். ஊகத்தில் வயர்களைக் கழற்றி மாட்டிக் கண்டுபிடித்தால் பாதி. படத்தில் தவறு இருந்ததால் தாமதமானால், அந்த மதிப்பெண் படம் வரைந்த குழுவுக்குக் குறையும். அடுத்த முறை படங்கள் எப்படி வருகின்றன என்று பாருங்கள்.

நிர்வாகத்திடம் பேசும்போது விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை சில. மென்பொருள் உரிமம் ஒரு கணினிக்கா, ஆறுக்குமா, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமா, சிமுலேட்டர் அதில் சேர்ந்ததா, தனியா, புரோகிராமிங்குக்குச் சாதாரண ஈதர்நெட் கேபிள் போதுமா, சொந்தக் கேபிள் வேண்டுமா, அவுட்புட்டில் ஷார்ட் பாதுகாப்பு உண்டா, பி.எல்.சி.யின் கையேடு பதிவு இல்லாமல் இறக்கக் கிடைக்குமா. ஆறு பலகையையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. இரண்டு வாங்கி ஒரு பருவம் ஓட்டுங்கள்; அதற்குள் எந்த உதிரிபாகம் அடிக்கடி போகிறது என்று தெரிந்துவிடும், மீதி நான்கை அதற்கேற்பத் திருத்தி வாங்கலாம். பழைய கிட்களை ஒன்பதாம் வகுப்பிடம் விட்டுவிடுங்கள். பலகைக்கு வருவதற்கு முன் அவர்கள் அந்த வண்டியை ஒரு முறையாவது ஓட்டியிருக்க வேண்டும்.